சாலை செல்கிறதா, நெளிகிறதா?

பினாங்கில் பாலிக் புலாவுக்குப் போகும் ஜாலான் துன் சார்டோனைப் பற்றி எழுதும் எவரும் "வளைந்து நெளிந்து செல்லும் சாலை" என்றே தொடங்குகிறார்கள். கேட்டுப் புளித்த தொடர். இரண்டு உயிருள்ள வினைகளை எச்சமாக்கி மூலையில் உட்கார வைத்துவிட்டு, எங்கும் பொருந்தும் "செல்" என்பதிடம் பொறுப்பைக் கொடுப்பது என்ன நியாயம்?

"மலையேறும் சாலை நெளிகிறது" என்றாலே போதும்; பாம்பும் புழுவும் கண்முன் வந்துவிடும். கொண்டை ஊசித் திருப்பங்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பயணியும் நெளிகிறார், வெட்கப்படும் பையனும் நெளிகிறான். கீழே விழுந்த அலுமினியத் தட்டும் நெளிந்துதான் போகிறது. ஒரு சொல்லுக்குள் இத்தனை காட்சி.

ஆனால் எல்லா நகர்வும் நெளிவல்ல. 1923இல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை ரயிலுக்கு "நெளி" பொருந்தாது. அது செங்குத்தாக ஏறுகிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் நகரத்தாரின் வெள்ளி ரதமோ, வழியெங்கும் உடையும் தேங்காய்களுக்கு நடுவே நின்று நின்று நகர்வது. அதற்கு "ஊர்" என்ற வினை இருக்கிறது. பல்லியையும் பாம்பையும் "ஊர்வன" ஆக்கிய அதே வினைதான், வாகனத்தை "ஊர்தி" ஆக்கியது.

செய்தியாளர்களோ ரதம் "சென்றது", கூட்டம் "சென்றது", அமைச்சரும் "சென்றார்" என்று முடித்துவிடுகிறார்கள். அமைச்சருக்கு அது போதும். ரதம் ஊரட்டும்; அதன் பின்னால் கூட்டம் தெருமுனையில் வளையட்டும்.