அட்டை கொடுத்த கையே ஓலையும் நீட்டுகிறது!

"தொங்கவிடு!" என்றார்கள், தொங்கவிட்டான். "காசைத் தொடாதே, கைப்பேசியில் வாங்கு!" என்றார்கள், வாங்கினான். "புதுயுகம் பிறந்துவிட்டது, அதிலே நீயும் ஒரு பங்காளி!" என்றார்கள், பூரித்துப் போனான். நான்காண்டு கழித்து அதே கை மறுபடியும் அவன் கடை வாயிலிலே நீண்டது. இம்முறை அதிலே இருந்தது பாராட்டிதழ் அல்ல தோழர்களே, வரி ஓலை!

2025 ஜூலைத் திங்களில் கருநாடகத்திலே நடந்த கதை இது. யு.பி.ஐ. வழியே சிறுகடைக்காரர்களின் கணக்குகளில் வந்து விழுந்த தொகையை அங்குள்ள வணிகவரித் துறை கூட்டிப் பார்த்தது. 2021-22 முதல் 2024-25 வரை, நான்கு ஆண்டுக் கூட்டல். எல்லையைத் தாண்டியவர் என்று தோன்றியோருக்கெல்லாம் ஓலை பறந்தது. ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரக்கணக்கில்! தேநீர்க்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர், பெட்டிக்கடைக்காரர், காய்கறிக்காரர் — அரண்மனை கட்டியவர் ஒருவரும் இல்லை அந்தப் பட்டியலில். அடுப்பு மூட்டியவர்களே அதிகம்.

ஹாவேரியிலே ஒரு காய்கறிக்காரர். நான்காண்டில் அவர் கணக்குக்கு வந்தது 1 கோடியே 63 லட்சம் ரூபாய். ஆகவே 29 லட்சம் கட்டு என்றது ஓலை. கோடி என்ற சொல் காதில் விழுந்ததும் மாடமாளிகை கண்ணுக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள்! நான்கால் வகுங்கள், பிறகு 365 ஆல் வகுங்கள். நாளொன்றுக்கு 11 ஆயிரத்து 160 ரூபாய் அளவுக்கு வியாபாரம். வியாபாரம் ஐயா, வருமானம் அல்ல! உழவனுக்குக் கொடுத்தது, வண்டிக்குக் கொடுத்தது, கூலிக்குக் கொடுத்தது, வாடி வதங்கி அழுகிக் குப்பைக்குப் போனது, இவ்வளவும் போக மிஞ்சியதுதான் அவர் வீட்டு உலைக்கு.

அந்த 29 லட்சம் எங்கிருந்து வந்தது? 1 கோடியே 63 லட்சத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு என்று போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அதே தொகை வருகிறது. ஆனால் பச்சைக் காய்கறிக்கு இந்தச் சரக்கு சேவை வரியிலே வரியே கிடையாதே! வரிவிலக்குள்ள பண்டத்தை மட்டும் விற்பவன் பதிவு செய்துகொள்ளவே வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 23 ஆம் பிரிவு கூறுகிறதே! எந்திரத்தை நான் நோகவில்லை. அது தொகையைப் பார்க்கும், கத்தரிக்காயைப் பார்க்காது. ஓலையை அனுப்பிய அதிகாரிக்கு, அவர் வீட்டுக் குழம்பிலே கிடக்கும் கத்தரிக்காயுமா தெரியாமல் போயிற்று?

"இது முடிவான கட்டளை அல்ல, விளக்கந்தான் கேட்டோம்" என்றது துறை. நல்லது. நான்காண்டுக்கு முன்னால் எந்தக் கிழமையில் எத்தனை கட்டுக் கீரை விற்றாய் என்பதற்கு ஏடு வைத்திருக்கிறானா அவன்? விளக்கம் எழுத ஒரு கணக்கர் வேண்டும்; அவருக்குக் கூலி வேண்டும்; அவரைத் தேடிப்போகும் நாளிலே கடை மூடிக் கிடக்கும். போதாக்குறைக்கு, பெட்டிக்கடைக்காரனுக்குக் கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இரண்டா இருக்கிறது? மைத்துனன் திருப்பித் தந்த கடனும், சீட்டு எடுத்த பணமும், மகள் மணத்துக்கு வந்த மொய்யும் அந்த ஒரே அட்டை வழியேதான் வந்திருக்கும். அத்தனையும் 'விற்பனை'யா?

எல்லைக்கே வருகிறேன். பொருள் விற்பவனுக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை செய்பவனுக்கு 20 லட்சம். அதைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். 40 லட்சம் என்பது 2019 ஏப்ரல் முதல் நாள் வந்த அளவு. நாளுக்கு 11 ஆயிரம்கூட இல்லை! அரிசி விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, தேநீர் விலையும் ஏறியது; ஏறாமல் அங்கேயே நின்றது இந்த எல்லை ஒன்றுதான்.

அதிலும் ஒரு விந்தை பாருங்கள். பாக்கெட் பாலுக்கு வரியில்லை. பாலை மட்டும் விற்றால் தொல்லையில்லை. அதே கடையில் நாலு பிஸ்கட் பொட்டலமும் விற்றானோ, போயிற்று! வரியில்லாத பாலின் விலையும் சேர்ந்து எல்லைக் கணக்கிலே ஏறிக்கொள்கிறது. பாக்கெட்டுக்குச் சில காசுகளே அவனுக்கு மிச்சம். ஆனால் முழு விலையும் அவன் தலையில் எழுதப்படுகிறது. ஜூலை 23 இல் அங்கே கடைக்காரர்கள் பால் விற்பனையை நிறுத்திக் காட்டினார்களே, காரணமில்லாமலா?

வரியே வேண்டாம் என்று வாதாடுபவன் அல்லன் நான். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரே கடையை நாலு பெயரில் காட்டி ஏய்ப்பவனும் இருக்கிறான். அவனைப் பிடியுங்கள், கைதட்டுகிறேன். ஆனால் சிறுவணிகனுக்கென்று இணக்கமுறை என ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றரைக் கோடி வரை விற்பவன் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும், உணவுக்கடையென்றால் ஐந்து. முன்கூட்டியே பதிந்து, அந்த முறையைக் கேட்டுப் பெற்றவனுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அட்டையை மாட்டிய அன்றே இதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். நாலாண்டு வாய்மூடியிருந்துவிட்டுப் பிறகு கேட்டால் பதினெட்டு, அதன்மேல் வட்டி, அதன்மேல் தண்டம்!

அழைத்தவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. 2016 நவம்பர் 8 இல் ஒரே இரவில் நோட்டைச் செல்லாததாக்கி, அவனைக் கைப்பேசியின் பக்கம் துரத்தியவர்கள் ஆளவந்தார்கள். 2020 இல் தெருவோர வணிகருக்குக் கடன் திட்டம் கொண்டுவந்து, கைப்பேசியில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை பரிசு என்று ஆசை காட்டியவர்களும் அவர்களே. மாதம் நூறு பரிசு! முடிவில் இலட்சக்கணக்கில் ஓலை!

கடல்கடந்த அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. பேபால் போன்ற நிறுவனங்களின் வழியே ஆண்டுக்கு 600 டாலருக்கு மேல் பெற்ற சிறுவிற்பனையாளரைப் பற்றியும் வரித்துறைக்கு அறிக்கை போக வேண்டும் என்று 2021 இல் சட்டம் செய்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, ஆண்டுதோறும் தள்ளிப் போட்டார்கள், 2025 ஜூலையில், இங்கே ஓலை பறந்த அதே திங்களில், பழையபடி 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால்தான் என்று திருத்திக்கொண்டார்கள்.

இங்கே? ஒன்றிய அமைச்சர் மாநிலத் துறையைச் சுட்டினார். மாநிலத்தார் ஒன்றியத்தைச் சுட்டினர். முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். 25 ஆம் நாள் நடக்கவிருந்த கடையடைப்பு நின்றது. எல்லை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதை உயர்த்தும் உரிமை மாநிலத்தின் கையில் தனியே இல்லையே! 1939 இல் சென்னை மாகாணம் தானே சட்டமியற்றிப் பொது விற்பனை வரி போட்டது. 2017 ஜூலை முதல் அந்த உரிமை மன்றத்துக்குப் போயிற்று. அங்கே மூன்றில் ஒரு பங்கு வாக்கு ஒன்றியத்துக்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். டில்லி தலையாட்டாவிட்டால் அத்தனை மாநிலமும் கைதூக்கினாலும் நடக்காது!

பெங்களூரிலே கடைகளில் அட்டை இறங்கி, 'ரொக்கம் மட்டுமே' என்ற பலகை ஏறியது. எங்கள் தெருமுனைக் கடையிலே அட்டை இன்னும் தொங்குகிறது. ஆனாலும் அண்ணாச்சி, "தம்பி, சில்லறையா இருந்தா குடுங்க" என்கிறார். ஏனென்று கேட்டேன். "அங்க வந்தது இங்க வராதா?" என்றார். என்ன மறுமொழி சொல்வது? அதே சட்டம், அதே 40 லட்சம்! பூக்காரியும் மீன்காரியும் அந்த அட்டையை எறிந்துவிட்டால், வங்கியிலே காட்ட அவர்களிடம் இருக்கும் ஒரே வரவுச் சான்றும் போகும்; பிறகு கந்துவட்டிக்காரன் வாசல்தான்.

மன்றம் அடுத்து கூடும்போது நம் மாநிலம் மூன்றைக் கேட்கட்டும்: 2019 இன் எல்லையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துங்கள், வரியில்லாப் பண்டத்தின் விலையைச் சிறுகடையின் எல்லைக் கணக்கிலே சேர்க்காதீர்கள், எல்லையை நெருங்குகிறவனுக்கு அந்த ஆண்டிலேயே, அவன் மொழியிலேயே, அவன் கைப்பேசிக்கே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஐந்து ரூபாய் வந்ததையும் நொடியில் கத்திச் சொல்கிற கருவிதானே அது!