ஆளுக்கு ஐந்து



ஆண்டு முடியும் தறுவாயில் கணக்குப் பார்ப்பது நம்மவர் வழக்கம். ஆலையில் இருப்புக் கணக்கு, கடையில் கடன் கணக்கு, பங்கில் வரவு செலவுக் கணக்கு. நன்னிலம் பகுதியில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் இவற்றோடு இன்னொரு கணக்கும் பார்க்கிறார்கள். அவ்வாண்டில் தாம் படித்த சித்திரக் கதைகளுள் சிறந்தவை ஐந்தைக் கணவரும், தாம் பார்த்த திரைப்படங்களுள் சிறந்தவை ஐந்தை மனைவியும் ஆளுக்கொரு தாளில் எழுதுகிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடையே ஒரு மாலையில் இருவரும் அமர்ந்து அதைப் படித்துக்காட்டுகிறார்கள். 2024-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் அந்தத் திண்ணையில் நாமும் ஒரு விருந்தினராக அமர்ந்திருந்தோம்.

குருவானவர் சினிமாவையும் காமிக்சையும் பற்றி எழுதப் புகுந்துவிட்டாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். இது இல்லறத்தைப் பற்றிய செய்திதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அம்மையார் பங்கு இல்லத்துக்கு வந்து நம்மிடம் அழுதார். "சாமி, அடிக்கிறதில்லை, குடிக்கிறதில்லை. ஆனா எங்கிட்டப் பேசுறதே இல்லை. ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம்" என்றார். கணவர் அரிசி ஆலையொன்றில் கணக்குப்பிள்ளை. அம்மையார் வீட்டில் தையல் வேலை செய்கிறவர். இருவரையும் அழைத்து, நாம் கற்றிருந்ததையெல்லாம் திரட்டி ஒரு மணி நேரம் அறிவுரை வழங்கினோம். இருவரும் பணிவுடன் கேட்டுக்கொண்டு, பேசாமலேயே வீடு திரும்பினர். நமது அறிவுரையின் பலன் அவ்வளவே.

அந்த மௌனத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது. கணவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய காமிக்ஸ் இதழ்கள் இருந்தன. அவருடைய தந்தை பேருந்து நடத்துநர். சம்பள நாளில் திருவாரூர் பேருந்து நிலையக் கடையில் மகனுக்காக ஓர் இதழ் வாங்கி வருவாராம். 2010-இல் தந்தை மறைந்தார். 2019-இல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கறையான் ஏறிய குப்பை என்று எண்ணி, அம்மையார் பாதிப் பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். வீடு வந்து பார்த்த கணவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அன்று சொல்லாததுதான் பின்பு எல்லாவற்றையும் சொல்லவிடாமல் செய்துவிட்டது. அவருக்கு அந்தக் காகிதம் தம் தந்தையின் கை என்பது அம்மையாருக்குத் தெரியாது. மாமியார் தற்செயலாகச் சொல்லித்தான் அறிந்தார். அறிந்தவர், தையல் கூலியில் மிச்சம் பிடித்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்கு ஒரு காமிக்ஸ் புத்தகத்தை அஞ்சலில் வரவழைத்துக் கணவர் கையில் கொடுத்தார். அவர் வெகுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வருஷம் நீ பார்த்த படத்துல உனக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டாராம். பட்டியல் பிறந்த கதை இதுவே.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசலாகாது. "இதெல்லாம் ஒரு கதையா?" என்று கேட்கலாகாது. மற்றவர் பட்டியலில் முதலில் நிற்பதை அடுத்த ஆண்டுக்குள் தாமும் படிக்கவோ பார்க்கவோ வேண்டும். அன்று மாலை இருவருடைய கைபேசிகளும் அலமாரியின் உச்சிக்குப் போய்விடும். அவர்களைக் கண்டு நாமும் நமது கைபேசியை அங்கே வைத்தோம்.

முதலில் கணவர் தொடங்கினார். 2024 அவரைப் போன்றவர்களுக்கு ஒரு விழா ஆண்டு. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் பிறந்தது. அதற்கு 40 வயது நிறைந்தது. அதற்கும் மூத்தது அதே ஊரின் முத்து காமிக்ஸ். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. ஆகவே தம் பட்டியலின் ஐந்தாம் இடத்தை, பெட்டியில் எஞ்சியிருந்த மாயாவி கதையொன்றுக்கே தந்திருந்தார். ஆய்வுக்கூட விபத்தில் கையிழந்து உலோகக் கை பெற்ற ஒருவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறையும், கை மட்டும் தெரியும். இங்கிலாந்து இதழொன்றில் 1962-இல் தோன்றி, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் வளர்ந்து, நம் ஊர்ப் பையன்களின் தோழரானவர் அவர். "ஆலையில நானும் அப்படித்தான் சாமி. கணக்கு எழுதுற கை மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியும்" என்றார். அம்மையார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

லக்கி லுக்கின் நகைச்சுவைக் கதையொன்றும், கேப்டன் டைகரின் கதையொன்றும் அடுத்து வந்தன. இரண்டாம் இடத்தில் டெக்ஸ் வில்லர். 1948-இல் இத்தாலியில் பொனெல்லி என்பவர் எழுத, கல்லெப்பினி வரையத் தொடங்கிய கதை. எழுபது ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை. துப்பாக்கியும் குதிரையும் நிறைந்தது என்றே நாம் எண்ணியிருந்தோம். அவர் சொன்னதோ வேறு. டெக்ஸ் நவஹோ இனப் பெண்ணை மணந்தவர். பேராசை பிடித்த வியாபாரிகள் அம்மை நோய் தோய்ந்த போர்வைகளை அம்மக்களிடையே புழங்கவிட, அந்நோயில் அவர் மனைவி இறந்தாள். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. "எத்தனை சண்டை போட்டாலும் அந்த ஆளுக்குள்ள அது இருக்குது" என்றார் கணவர். பழிவாங்கும் சபதத்தை நாம் மெச்ச முடியாது. அதை அவரிடமே சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சொன்னபோது அவர் பார்வை போன திசையை நாம் கவனிக்காமல் இல்லை.

முதலிடம் டின்டினுக்கு, அவன் தன் நண்பன் சாங்கைத் தேடித் திபெத்துக்குச் செல்லும் கதை. இங்கே நமக்கும் சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தது. டின்டின் முதன்முதலில் தோன்றியது 1929 ஜனவரி 10-இல், பிரஸ்ஸல்ஸ் நகரக் கத்தோலிக்க நாளேடு ஒன்றின் சிறுவர் இணைப்பில்தான். அவன் அடுத்துச் சீனாவுக்குச் செல்லவிருக்கிறான் என்ற அறிவிப்பு வந்தபோது, லூவேன் நகரில் சீன மாணவர்களின் ஆன்ம குருவாயிருந்த கொசே அடிகளார், சீன மக்களைத் தவறாகச் சித்திரித்துவிட வேண்டாம் என ஓவியர் எர்ஜேவுக்கு எழுதினார். 1934-இல் சாங் என்னும் சீன மாணவரையும் அறிமுகம் செய்துவைத்தார். எர்ஜே அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். பின்னர் சாங் நாடு திரும்பினார், தொடர்பு அறுந்தது. திபெத்துக் கதையில் வில்லன் எவனும் இல்லை. தொலைந்த நண்பன் மீதுள்ள நம்பிக்கையே கதை. உண்மை வாழ்விலும் அவ்விருவரும் 1981-இல் மீண்டும் சந்தித்தனர். இதைக் கேட்டதும் கணவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். ஒரு குருவானவரின் கடிதம் சித்திரக் கதையொன்றைத் திருத்தியது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

நமக்கோ உள்ளுக்குள் ஒரு முள் தைத்தது. குருப்பட்டம் பெற்ற புதிதில், டெல்டாவின் வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துக் காமிக்ஸ் படித்தான். நாம் அதைப் பிடுங்கி, எல்லார் முன்னும் இரண்டாகக் கிழித்தோம். அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு பல வாரம் வகுப்புக்கு வரவில்லை. வகுப்பில் படித்தது தவறுதான். ஆனால், "அது என்ன கதை தம்பி?" என்று நாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே என்பது இன்றும் நம்மை உறுத்துகிறது.

அடுத்து அம்மையாரின் பட்டியல். ஐந்தாவது, 'அமரன்'. நான்காவது, 'லப்பர் பந்து'. மட்டையும் பந்துமே கதியெனக் கிடக்கும் கணவன், அதை வெறுக்கும் மனைவி. "அவ பக்கம் நியாயம் இருக்குன்னு நெனச்சேன். அவன் பக்கமும் இருக்குன்னு படம் முடியுறப்பத் தோணுச்சு. எடைக்குப் போட்ட பெட்டி ஞாபகம் வந்துது" என்றார். மூன்றாவது, பழைய படம்: கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி'. நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930-இல் பிறந்த நம் மண்ணின் மைந்தர் அவர். 2014 டிசம்பர் 23-இல் மறைந்தார். பத்தாம் ஆண்டு நினைவை முன்னிட்டுத் தம்பதியர் இருவரும் அதை வீட்டிலேயே பார்த்தனராம். 1985-இல் வெளிவந்த அப்படத்தில் இசைமேதை ஒருவர், இசையறியாத தம் மனைவியிடம் பேச ஏதுமின்றித் தவிக்கிறார். தம் இசையை அறிந்த வேறொரு பெண்ணை நாடுகிறார். ஆண்கள் பலர் அவருக்காகப் பரிதாபப்படுவர். அம்மையார் கேட்டது இது: "தனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியலைன்னு அத்தனை வருத்தப்பட்டாரே, அவளுக்கு என்ன தெரியும்னு அவர் கேட்டாரா சாமி?" மணமான ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இரண்டாவது 'மெய்யழகன்'. 1996-இல் தஞ்சையில் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், 22 ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். தம்மீது அளவிறந்த பாசம் பொழியும் உறவினர் ஒருவரின் பெயர் கூட அவருக்கு நினைவில்லை. இரவெல்லாம் பேச்சு. பேச்சு மிகுதி என்று குறை சொன்னவர்களும் உண்டு; வெளியான சில நாளில் ஏறத்தாழ 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. "அந்தப் பேச்சுதான் படமே. அதைப் போய் வெட்டுவாங்களா?" என்று அம்மையார் வருந்தினார். பேச்சின் அருமை, பேச்சின்றி இருந்தவர்க்கல்லவா தெரியும்!

முதலிடத்தில் 'வாழை'. மாரி செல்வராஜ் தம் இளமைக் காலத் துயரத்தை வைத்து எடுத்த படம். பள்ளிச் சிறுவன் பசியோடு வாழைத்தார் சுமக்கிறான். தார் ஏற்றிய லாரியின் மேலேயே கூலியாட்களையும் ஏற்றி அனுப்ப, அது கவிழ்கிறது. இதைச் சொல்லத் தொடங்கிய அம்மையாரின் குரல் தழுதழுத்தது. திருவாரூர்த் திரையரங்கில் பிற்பகுதியைத் தாம் பார்க்கவே இல்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதில், நடவுக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெய்லர் வாய்க்காலில் சாய்ந்தது. அதில் அவருடைய தாயாரும் இருந்தார். கால் எலும்பு முறிந்து, சரியாகக் கூடவில்லை. அதன்பின் தாயார் வயலில் இறங்கவில்லை. மகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையல் பொறி முன் அமர்ந்தார். "மிதிக்கிறப்ப எல்லாம் அம்மா காலுதான் ஞாபகம் வரும்" என்றார்.

கணவர் தலை நிமிரவில்லை. விதி இருந்ததால் குறுக்கே பேசவும் இல்லை. அவர் முடித்த பின்பே சொன்னார்: "கல்யாணமாகிப் பதினாறு வருஷம் சாமி. மாமியாருக்குப் பிறவியிலேயே கால் ஊனம்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை." பிறகு எழுந்து உள்ளே சென்று, மனைவிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாம் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

குடும்பத்தாரே, பட்டியல் திருச்சபைக்கும் புதிதன்று. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1936-இல் திரைப்படங்களைக் குறித்துச் சுற்றுமடல் வரைந்தபோது, எவை பார்க்கத் தகுந்தவை, எவை தகாதவை எனத் தரம் பிரித்து மக்களுக்கு அறிவிக்கச் சொன்னார். திரைப்படக் கலைக்கு நூறாண்டு நிறைந்த 1995-இல் வத்திக்கான் வேறொரு பட்டியலை வெளியிட்டது: சமயம், வாழ்வின் விழுமியம், கலை என மூன்று பிரிவில் பிரிவுக்குப் பதினைந்தாக 45 சிறந்த படங்கள். நம் தேசப்பிதாவைப் பற்றிய 'காந்தி'யும், வேலைக்கு வேண்டிய சைக்கிளைப் பறிகொடுத்த ஏழைத் தந்தையைப் பற்றிய இத்தாலியப் படமும் அவற்றுள் இடம்பெற்றன. தகாததை விலக்குவதோடு நில்லாமல், நல்லதை இனம்கண்டு பகிரவும் வேண்டும் என்பதே இதன் பொருள். தகாதவை இன்றும் உண்டு. அவை கைபேசி வழியே குழந்தையின் படுக்கைவரை வந்துவிடுகின்றன. அதற்கும் காவல் எது? வீட்டில் இருப்போர் தாம் பார்த்ததைப் பற்றி வெளிப்படையாய்ப் பேசும் வழக்கம்தான்.

எல்லாரும் காமிக்ஸ் படிக்க வேண்டும், படம் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வானொலியில் கேட்ட பாடலாக இருக்கலாம். விருந்தில் உண்ட பண்டமாக இருக்கலாம். அவ்வாண்டு சென்றுவந்த ஊராக இருக்கலாம். ஆளுக்கு ஐந்து எழுதுங்கள். எதைப் பிடித்தது என்பதோடு நிறுத்தாமல், ஏன் பிடித்தது என்றும் சொல்லுங்கள். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பின்னால்தான் ஒரு தந்தையின் கையும், ஒரு தாயின் காலும் மறைந்திருக்கின்றன.

விடைபெறும்போது அம்மையார் நம்மிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "அடுத்த வருஷம் சாமியும் அஞ்சு எழுதிக்கிட்டு வரணும்" என்றார். கணவர் தம் பெட்டியிலிருந்து ஓர் இதழை எடுத்து, "படிச்சிட்டுத் திருப்பிக் குடுங்க சாமி, கிழிச்சிடாதீங்க" என்றார். மறைக்கல்வி வகுப்புக் கதையை நாம் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நாம் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.