இரைச்சலுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம்

வாகனம் வாங்கப் போகிறவர் எஞ்சினைப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார், எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று கேட்கிறார். வானொலியைக் கடைசியாக ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறார். சத்தம் வந்தால் திருப்தி. அந்த அரை நிமிடத் திருப்தியை நம்பியே பெரும்பாலான உற்பத்தியாளர்கள் தமது மலிவு வாகனங்களுக்கு ஒலிபெருக்கி பொருத்துகிறார்கள் என்பது எனது குற்றச்சாட்டு.

காதைக் கீறுகிறதே என்று முறையிட்டால், "ஐயா, உங்களுக்கு வயது போய்விட்டது" என்பார்கள். வயது போனது உண்மைதான். வயது போனால் உச்சத் தொனிகள் கேட்பது குறையும்; ஆனால் அதற்காக ஒலிபெருக்கியின் கீறல் இல்லையென்றாகிவிடாது.

கதவின் உட்பலகையைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய காகிதக் கூம்பு, சின்னஞ்சிறு காந்தம், பிளாஸ்ரிக் சட்டம். மிருதங்கத்தையும் புல்லாங்குழலையும் செய்தி வாசிப்பவரின் குரலையும் இந்த ஒற்றைக் கூம்பே சுமக்கவேண்டும். அதிர்வெண் உயர உயர, கூம்பு ஒரே உடலாக அசையாமல் துண்டு துண்டாக அதிரத் தொடங்குகிறது. அந்தச் சிதறல் பெரும்பாலும் விழுவது 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியிலே. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். பிளெட்சரும் மன்சனும் 1933 இலேயே இதனை அளந்து காட்டிவிட்டார்கள். எமது மொழியில் ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பமும் அந்த இடைப்பகுதியை அண்டியே இருக்கிறது. நல்ல உச்சரிப்புடன் ஒருவர் செய்தி வாசித்தாலும், வாகனத்துக்குள் அது தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் கேட்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அடுத்தது வோற்ஸ் கணக்கு. பெட்டியின் முகப்பில் "50 வோற்ஸ் x 4" என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ற். 4 ஓம் ஒலிபெருக்கிக்கு அதிலிருந்து சிதைவின்றிக் கொடுக்கக்கூடியது, கோட்பாட்டளவிலேயே 26 வோற்ஸ் மட்டில்தான். நடைமுறையில் 20 ஐ அண்டியது. அப்படியானால் அந்த 50 எங்கிருந்து வந்தது? ஒலி அலையின் தலையும் காலும் முழுதாக வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் அளந்த எண் அது. இரைச்சலின் அளவை இசையின் அளவென்று எழுதி விற்கிறார்கள். பத்திரிகையில் நாங்கள் இப்படி எண் போட்டால் மறுநாளே மறுப்புக் கடிதம் வரும்.

இலங்கையருக்கு இதற்குமேல் இன்னொரு தண்டனையும் உண்டு. ஜப்பானிய வானொலி 76 மெகா ஹேர்ட்ஸிலிருந்து 90 வரை என்பதற்கு அமைந்தது. 2014 இன் பின்னரே 95 வரை நீண்டது. எமது நிலையங்கள் இயங்குவதோ 88 முதல் 108 வரை. எனவே பாவித்த ஜப்பானிய வாகனம் இங்கு வந்ததும், அன்ரனா வயரில் ஒரு சிறு பெட்டியைச் செருகி, 98 ஐ 78 ஆக்கிக் காட்டுகிறார்கள். அந்தப் பெட்டி மலிவானதென்றால் அலையோடு சீறலும் சேர்ந்தே இறங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, வரியோடு சேர்த்து மக்கள் கொடுத்த விலையை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைக்காரர் சொல்லும் பரிகாரம் இன்னும் மோசம்: டிக்கியில் ஒரு பெரிய பேஸ் பெட்டி. கீறுவது மேலே, மருந்து பூசுவது கீழே! எமது தனியார் பேரூந்துகளில் ஏறியவர்களுக்கு இந்த வைத்தியத்தின் பலன் தெரியும்.

காசு செலவழிக்குமுன் செய்யக்கூடியவை உண்டு. "லவுட்னஸ்" என்ற பொத்தானை அணையுங்கள். பேஸையும் சற்றுக் குறையுங்கள். அம்பிளிபயரின் சக்தியைத் தின்று அலையை வெட்டவைப்பது பெரும்பாலும் அதுதான். ஈகுவலைசர் இருந்தால் 3000 ஹேர்ட்ஸை அண்டிய பட்டையை மூன்று டெசிபல் இறக்குங்கள். கராஜில் யாரேனும் வயரைக் கழற்றிப் பூட்டியிருந்தால், கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மாறினாலே அடித்தொனி காணாமற்போய்க் கீறல் மட்டும் மிஞ்சும். பிறகும் போதாவிட்டால், முன் கதவு ஒலிபெருக்கிகள் இரண்டை மட்டும் மாற்றி, கதவுத் தகட்டின் துவாரங்களை அதிர்வு தாங்கும் ஒட்டுத்தாளால் மூடுங்கள். பின்பக்கத்தைத் தொடவே தேவையில்லை.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எட்டு, ஒன்பது மணிநேரம் அந்தக் கீறலோடு ஓட்டிவரும் சாரதிக்கு வருவது வெறும் எரிச்சல் அல்ல, களைப்பு. ஆசனப் பட்டிக்குச் சட்டம் இருக்கிறது. விலைப்பட்டியலில் உண்மையான வோற்ஸ் எண்ணை எழுதவேண்டும், அன்ரனாவில் செருகிய பெட்டியையும் குறிப்பிடவேண்டும் என்று இரண்டு வரி விதி போடுவதற்கு மட்டும் ஏன் எவருக்கும் மனமில்லை?