சிறந்த பியர் எது? ஒரு வம்பு வழக்கு

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களிடம் பியரைப் பற்றிக் கதை கொடுத்தால் இரண்டு வேதவாக்குகளில் ஒன்று வந்து விழும். முதலாவது: "ஜேர்மன் பியர் சுத்தமானது. 1516ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டவங்கள்." இரண்டாவது: "உலகத்திலேயே திறம் பியர் இன்னதுதான். பட்டியல் இருக்கு." முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் எண்பதுகளில் வந்திறங்கியவர். இரண்டாவதைச் சொல்பவர் இங்கே பிறந்து வளர்ந்த அவருடைய பிள்ளை. ஒருவர் மன்னரை நம்புகிறார், மற்றவர் சந்தையை நம்புகிறார். யார் காய்ச்சினார்கள், யாருடைய ஆலை, யாருடைய பைக்குள் காசு போகிறது என்று இருவருமே கேட்பதில்லை.

குடியை வீரமாகக் கொண்டாடுவதும் எமக்கு உடன்பாடில்லை, பாவமாகத் தூற்றுவதும் உடன்பாடில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களை நாமும் அறிவோம். அது வேறு கட்டுரை. இங்கே எமது வாதம் ஒன்றுதான்: ஒரு பியர் ஆலை சிறந்ததா என்பதை அதன் 'தூய்மை'யும் தீர்மானிக்காது, உலகத் தரவரிசையும் தீர்மானிக்காது. அந்தப் பியருக்கு ஓர் ஊர் இருக்கிறதா, அந்த ஊருக்கு அதன்மீது உரிமை இருக்கிறதா என்பதே அளவுகோல்.

முதலில் அந்தப் புனிதச் சட்டத்தைப் பார்ப்போம்.

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி, இங்கொல்ஸ்டாட் நகரில் பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் பிறப்பித்த ஆணையில், பியருக்கு பார்லி, ஹொப் பூ, தண்ணீர் இவை மூன்றுமே போதும் என்றிருப்பது உண்மை. ஆனால் அந்த ஆணை முதலில் பேசுவது விலையைப் பற்றி. குளிர்காலத்தில் ஒரு 'மாஸ்' பியர் ஒரு பெனிக், கோடையில் இரண்டு பெனிக், அதற்குமேல் விற்கக்கூடாது என்பதே அதன் தொடக்கம். கோதுமை பாணுக்கு வேண்டும், அதைப் பியருக்குள் கொட்டாதே என்பதுதான் பார்லி விதிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். குடிப்பவனின் உடல்நலத்தில் கோமகன்களுக்கு அப்படியென்ன கரிசனை இருந்ததென்று தெரிய, பிறகு நடந்ததைப் பாருங்கள். 1548இல் டேகன்பேர்க் பிரபு குடும்பத்துக்குக் கோதுமைப் பியர் காய்ச்சும் தனியுரிமை வழங்கப்பட்டது. 1602இல் அந்தக் குடும்பத்தில் வாரிசு அற்றுப்போகவே, கோமகன் மக்சிமிலியான் அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு கோதுமைப் பியர் அரச கருவூலத்தை நிரப்பிற்று. ஊரார் காய்ச்சினால் குற்றமான கோதுமை, கோமகன் காய்ச்சினால் வருமானமாயிற்று. தூய்மை எப்போதும் அடுத்தவனுக்கு விதிக்கப்படுவதுதான் என்பதை எமது சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'தூய்மைச் சட்டம்' என்ற பெயரே 1918இல் பவேரிய நாடாளுமன்ற விவாதமொன்றில்தான் முதன்முதலாக அகப்படுகிறது. நானூறு வருஷம் அந்தப் பெயரில்லாமலே பியர் காய்ச்சப்பட்டது! 1906இல் பியர் வரிச் சட்டத்தின் வழியாக அதன் உள்ளடக்கம் ஜேர்மனி முழுவதற்கும் விரிக்கப்பட்டபோது வடக்கின் பழைய பியர்கள் ஏற்கனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. 1842இல் பில்சன் நகரில் பிறந்த பொன்னிறப் பில்ஸ்னர் ஊர் ஊராக வென்றுகொண்டு வந்தது. அலையும் சட்டமும் சேர்ந்துகொண்டன. கொத்தமல்லியும் உப்பும் போட்ட, புளிப்பான லைப்சிக் நகரத்து 'கோசே' பியர் 1966இல் அற்றே போயிற்று. 1986இல் அங்குள்ள பழைய மதுச்சாலை ஒன்றை மீளத் திறந்த லோதார் கோல்ட்ஹான் என்பவர் பிடிவாதமாக அதைத் திரும்பக் காய்ச்சுவித்ததால் இன்று அது இருக்கிறது. அமெரிக்காவின் சிறு ஆலைகள்கூட இன்று கோசே காய்ச்சுகின்றன. 'தூய' பட்டியலுக்குள் அடங்காத ஒரு பியரை ஓர் ஊரின் ஞாபகம் காப்பாற்றியது.

சட்டம் பழங்கதை என்று எண்ணவேண்டாம். பிராண்டன்பேர்க் மாநிலத்தில் நொய்ட்செல்ல மடாலய ஆலை, தனது கறுப்புப் பியரில் சீனிப்பாகு சேர்த்ததற்காக, அதைப் 'பியர்' என்று அழைக்கும் உரிமைக்கே பல ஆண்டுகள் வழக்காடி 2005இல்தான் வென்றது. பவேரியாவில் கம்பா என்ற சிறு ஆலை பால்வெல்லம் சேர்த்துக் காய்ச்சிய ஸ்ரவுட் 2015இல் அதிகாரிகளின் கட்டளையால் அழிக்கப்பட்டது. அதேவேளை பியரைத் தெளியவைக்க பிவிபிபி எனப்படும் நுண்ணிய பிளாஸ்ரிக் தூளைப் பயன்படுத்த இந்த நாட்டில் தடையில்லை; பின்னர் வடித்து எடுத்துவிடுவதால் அது 'சேர்க்கை' ஆகாதாம். சட்டத்தின் ஐந்நூறாவது ஆண்டு கொண்டாடப்பட்ட 2016இல், மூனிச்சிலுள்ள சுற்றாடல் நிறுவனமொன்று நாட்டில் அதிகம் விற்கும் 14 பியர்களைச் சோதித்தது. பதினான்கிலும் கிளைபோசேற் களைகொல்லியின் சுவடு இருந்தது. அளவு அற்பம், உடலுக்குக் கேடில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் பால்வெல்லம் அசுத்தம், களைகொல்லிச் சுவடு அற்பம் என்று சொல்லும் தூய்மையை நாம் ஏன் நெஞ்சில் சுமக்கவேண்டும்?

இனி ரைன் நதிக்கரைச் சண்டைக்கு வருவோம். எம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி இது. கொலோன் நகரத்தவர் கொல்ஷ் குடிப்பார், நாற்பது கிலோமீற்றர் வடக்கே டுசில்டோர்வ் நகரத்தவர் அல்ற் குடிப்பார். ஒருவர் மற்றவரது பியரைக் கோப்பை கழுவிய தண்ணீர் என்பார். எமது ஆட்களும் வேலைசெய்யும் நகரத்துக்கு ஏற்பக் கட்சி பிரிந்து, ஏதோ பாட்டன் பூட்டன் காலத்துப் பகைபோல வாதாடுவதைப் பார்த்திருக்கிறோம்.

உண்மையில் இவை இரண்டும் உடன்பிறப்புகள். இரண்டுமே மேலே மிதந்து நொதிக்கும் ஈஸ்ற்றால் ஆனவை. இரண்டுமே பிறகு குளிரில் கிடந்து அடங்குபவை. கொல்ஷ் வெளிறியது, மென்மையானது, 0.2 லீற்றர் ஒல்லிக் கிளாசில் வரும். அல்ற் செப்பு நிறம், வறுத்த மோல்ட் மணம், கசப்புக் கூட. இரண்டு ஊரிலும் பரிமாறுபவரை 'கோபெஸ்' என்றே அழைப்பார்கள். கிளாஸ் காலியானால் கேளாமலே அடுத்ததை வைத்து, அடியிலுள்ள அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். கொலோனில் அட்டையை எடுத்துக் கிளாசை மூடினால்தான் நிறுத்துவார். 1986இல் கொலோன் ஆலைகள் கூடி 'கொல்ஷ்' என்ற பெயர் யாருக்குரியது என்று உடன்படிக்கை எழுதின. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. வடிகட்டப்பட்டிருக்கவேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. அதனால் கொலோனிலேயே வடிகட்டாமல் வருவது 'வீஸ்' என்று வேறு பெயரில் விற்கப்படுகிறது. ஊர்ப் பெயரைக் காப்பது நல்லதே. ஆனால் பெயரைக் காத்தவர்கள் ஆலைகளைக் காத்தார்களா?

சியோன், கில்டன், டோம், பீற்றர்ஸ். நான்கும் கொல்ஷ் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பரம்பரைக் கதை, ஒவ்வொன்றுக்கும் விசுவாசிகள். இவை நான்கும் ராடபேர்கர் குழுமத்தின் கைக்குப் போய், பல ஆண்டுகள் ஒரே ஆலையில் காய்ச்சப்பட்டன. ராடபேர்கர் யாருடையது? கேக் மாவும் உறைந்த பீட்சாவும் விற்கும் ஓட்கர் குடும்பத்தினுடையது. அங்கே டுசில்டோர்வ்காரர் மார்தட்டும் ஷ்லோசர் அல்ற் யாருடையது? அதே ராடபேர்கருடையது! ஆக, சியோன் குடிக்கும் கொலோன் தமிழரும் ஷ்லோசர் குடிக்கும் டுசில்டோர்வ் தமிழரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு ஒரே கல்லாவில் காசு போடுகிறார்கள். டீபெல்ஸ் அல்ற் 2001இல் பெல்ஜியத்தின் இன்ரர்புறூவுக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் வளர்ந்து உலகின் மிகப்பெரிய பியர் நிறுவனமான பின், 2018இல் டீபெல்சைத் தலைமுழுகப் பார்த்தது, பேரம் முறிந்தது. ஊர்ப் பெருமை விற்பனைப் பொருளாகி, விலைபோகாத பொருளுமாகிவிட்ட கதை இது.

எமது தீர்ப்பைக் கேட்கிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறோம். கொலோனில் பெஃப்கன்: 1883இலிருந்து தன் சொந்த வீட்டில் காய்ச்சி, அங்கேயே பீப்பாவிலிருந்து ஊற்றுகிறது. டுசில்டோர்வில் கசப்புக்கு ஊரிகெ, மென்மைக்கு 1838இல் தொடங்கிய சூமாகர். இவற்றின் பெயர் எங்கேயோ அங்கேதான் அண்டாவும் இருக்கிறது. விளம்பரப் பலகை பெரிதான ஆலைகளுக்கு எமது வாக்கு இல்லை.

பட்டியல்காரர்களுக்கும் ஒரு சொல். 2005இல் 'ரேட்பியர்' என்ற இணையத் தரப்பட்டியல், பெல்ஜியத்தின் வெஸ்ற்விளேற்றறன் மடாலயத்துப் பன்னிரண்டாம் இலக்கப் பியரை உலகின் முதலாவது என்று அறிவித்தது. ஜனங்கள் வாகனங்களில் மடத்து வாசலுக்குப் படையெடுத்தார்கள். துறவிகளோ கூடுதலாகக் காய்ச்ச மறுத்துவிட்டார்கள். மடத்தின் செலவுக்கு வேண்டிய அளவு காய்ச்சுவதே அவர்களது முறை. அந்த மறுப்பை நாம் மதிக்கிறோம். பட்டியலுக்கு என்ன நடந்தது? முன்சொன்ன அதே உலகப் பெரும் நிறுவனத்தின் முதலீட்டுக் கிளை ரேட்பியரில் பங்கு வாங்கியது 2017இல் வெளியே வந்தது. 2019இல் முழுவதையும் வாங்கியது. 2025இல் பட்டியலே மூடப்பட்டது. பரீட்சை எழுதுகிறவனே பரீட்சகரை விலைக்கு வாங்கிய பிறகும் புள்ளிகளைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைந்தவர்களை என்னவென்பது!

"இதெல்லாம் பழமைக் காதல். பெரிய ஆலைதான் மலிவாக, ஒரே சுவையில், தொழிலாளிக்குக் கட்டுப்படியாகத் தருகிறது. உங்களது 'கைவினைப் பியர்' காசுக்காரர்களின் விளையாட்டு" என்று ஒரு தோழர் சொல்லக்கூடும். பாதி உண்மை. சித்திரம் வரைந்த சின்னப் போத்தலுக்கு இரட்டை விலை கேட்கும் பகட்டு எமக்கும் பிடிக்காது. ஆனால் சிறியது என்றாலே விலைகூடியது என்பது பொய். வட பவேரியாவின் பிரான்கன் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 1500 பேர் வாழும் அவுப்செஸ் என்ற ஊர், நான்கு பியர் ஆலைகளுக்காக 2000இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பம்பேர்க் நகரில் ஷ்லெங்கெர்லாவும் ஸ்பெட்சியாலும் பார்லி மோல்ட்டை மரப்புகையில் உலர்த்திக் காய்ச்சும் பியர், முதல் வாய்க்குக் கருவாட்டுப் புகைபோல இருக்கும், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். அங்கே இது பகட்டல்ல, மத்தியானச் சாப்பாட்டோடு ஊரார் குடிப்பது.

அதைவிட ஒன்று உண்டு. ஓபர்பால்ஸ் பகுதியில் விண்டிஷெஷன்பாக், எஸ்லார்ன், பால்கன்பேர்க் போன்ற சிற்றூர்களில் 'சொய்க்ல்' என்றொரு பியர். அங்கே ஊருக்குப் பொதுவான காய்ச்சுமனை ஒன்று இருக்கும், விறகடுப்போடு. உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து அங்கே காய்ச்சி, வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் நொதிக்கவிடும். பியர் முதிர்ந்ததும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடும். அதைக் கண்டால் அந்த வாரம் அந்த வீட்டில் பியர் என்று அர்த்தம். ஊரார் போய் உட்காருவார்கள். ஒவ்வொரு வீட்டுப் பியரும் ஒவ்வொரு சுவை. காய்ச்சும் உரிமை வீட்டுச் சொத்தோடு கட்டப்பட்டது என்பதால் இதைச் சமத்துவபுரி என்று நாம் ஏமாற மாட்டோம். ஆயினும் அண்டா பொதுவானது, கைகள் ஊராருடையவை. ஜேர்மனியில் எது சிறந்த பியர் ஆலை என்று கழுத்தைப் பிடித்துக் கேட்டால், முதலாளி இல்லாத இந்தக் காய்ச்சுமனையைத்தான் சொல்வோம்.

இதை வாசிக்கையில் எமது தவறணைகள் ஞாபகம் வராதவர் யாழ்ப்பாணத்தவராக இருக்க முடியாது. உடன்கள்ளு, தனிப்பனைக் கள்ளு என்று மரத்துக்கு மரம் சுவை பிரித்துச் சொன்ன நாக்குகள் எமது ஊரில் இருந்தன. பிளாவில் வாங்கி உறிஞ்சிவிட்டு, எந்தப் பனையில் சீவியது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். அதே ஆட்கள்தான் சீவியவரின் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தார்கள். கள்ளு சுத்தம், அதை இறக்கிய கை தீட்டு! அந்தத் தூய்மையைக் கப்பலேற்றிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் 1516 இத்தனை இனிக்கிறது. உள்ளே போவது எதுவென்று சட்டம் பேசும். காய்ச்சிய கையையும் இறக்கிய கையையும் பற்றி அது பேசாது.

ஆகவே நண்பர்களே, விவாதிப்போம். ஊரிகெயா சூமாகரா என்று விடியவிடிய விவாதிப்போம், ஷ்லெங்கெர்லாவைவிட ஸ்பெட்சியால் மேல் என்று யாராவது சொன்னால் மேசையில் தட்டியும் விவாதிப்போம். நாக்குக்கு நாக்கு வேறுபடும், அதில் பிழையில்லை. ஆனால் ஆலையின் பெயரைச் சொல்லுமுன் அதன் உரிமையாளரின் பெயரையும் சொல்லுங்கள். மறுப்பவர்கள் தாராளமாக எழுதலாம், பக்கம் ஒதுக்குகிறோம். 1516ஐ மட்டும் மறுபடி எழுதி அனுப்பவேண்டாம்.