குக்கர் மூணு விசிலுக்குள் ஒரு கதை!

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு சிறுகதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன். 'இந்தத் தடவை அனுப்பியே தீருவது' என்று முடிவு செய்தேன். எனக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. மதியம் 1 மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பித்தால், மின்சார ரயில் பிடித்து வீடு வந்து சேர இரவு 11 ஆகிவிடும். நாள் முழுக்க எழுதுவதுதான் தொழில் என்றாலும் அதெல்லாம் செய்தி, தலைப்பு, நோட்டிஃபிகேஷன். கதை எழுதத் தனியாக நேரம் வேண்டுமே!

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, நான், கல்லூரியில் படிக்கும் தங்கை என ஐந்து பேர். இரண்டே அறைகள். டி.வி ஓடாத, யாரும் போனில் பேசாத நேரம் என்றால் அது காலை 5 மணி மட்டும்தான். அலாரம் வைத்தேன்.

முதல் நாள் 5.10-க்கு மேஜையில் காபி வந்தது. இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள், சட்னி அரைக்கும் சத்தத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை. "அம்மா, கொஞ்சம் மெதுவா..." என்றேன். மிக்ஸியை எப்படி மெதுவாக ஓட்டுவது? அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு, வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனிக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் நான்கு பக்கம் தேறியது. "நேரமே இல்லைன்னு சொல்றதெல்லாம் சும்மா பாஸ். அஞ்சு மணிக்கு எழுந்தா போதும்" என்று ஆபீஸில் எல்லோருக்கும் அட்வைஸ் வேறு.

பீரோவில் இருந்த நோட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கதையின் கடைசிப் பகுதியை அவருக்குப் படித்துக்காட்டினேன். கேட்டு முடித்தவர், "அந்தப் பொண்ணு ஏன்டா கேட்டவுடனே பதில் சொல்லிடறா? ரெண்டு நாள் தவிக்க விடேன்" என்றார்.

கதைக்கு என்ன குறை என்று நான் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது இதுதான்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம்..?"

தங்கைதான் பதில் சொன்னாள். "அம்மா கதை எழுதுவாங்க, உனக்குத் தெரியாதா? பீரோவுல நோட்டு இருக்கு."

26 வயது ஆகிறது. எனக்குத் தெரியாது.

பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. உள்ளே தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பொடிப்பொடியாக எழுத்து. பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்த மூன்று கதைகள், அம்மாவே தன் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிய கவர்களிலேயே இருந்தன. ஒரே ஒரு கதை மட்டும் அச்சில் வந்திருக்கிறது. அதற்கு மணியார்டரில் வந்த பணத்தில்தான் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாராம். எல்.கே.ஜி-க்கு நான் எடுத்துப்போன டப்பா.

"எப்பம்மா எழுதுவ?"

"குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள. அதான் காலண்டர் தாள். அடுப்படியிலேயே கிடைக்கும்."

கடைசிக் கதை பாதியில் நிற்கிறது. ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள்.

"நீ பொறந்த. ராத்திரியெல்லாம் தூங்க மாட்ட. அப்புறம் இவ பொறந்தா. அப்புறம் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு. அப்புறம் விட்டே போச்சு" என்றார் அம்மா. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கீரைத் தண்டை எண்ணுவதுபோலச் சொன்னார்.

நேரம் யாருடையது?

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். நான் 5 மணிக்கு எழுந்தால் 5.10-க்குக் காபி வருகிறது என்றால், அம்மா 4.45-க்கே எழுந்திருக்கிறார். சட்னியைப் பால்கனியில் அரைக்கிறார். பாட்டி கூப்பிட்டால், என் அறையைக் கடந்து சத்தமில்லாமல் போகிறார். 'என் நேரம்' என்று நான் பெருமையடித்துக்கொண்டது, அம்மாவின் தூக்கத்திலிருந்து எடுத்தது.

எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை இது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சமையல், துவைப்பது, பெருக்குவது போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்கிற பெண்கள், அப்போது ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். அதே வேலைகளைச் செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடங்களுக்கு நடுவே எந்த இடத்தில் கதை எழுதுவது?

எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஆறு வயதுகூட நிரம்பாதபோது கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. மனதில் கதை இருந்தது, சரளமாக எழுதப் பழக்கமில்லை. 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதித் தந்தார். பிறகு 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, புகுந்த வீட்டில் எழுத எதிர்ப்பு இருந்ததால், ராத்திரி கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதியவர். எழுதிய தாள்களை ரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய அம்மா. பிற்பாடு, 2004-ல் அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்தது.

கனடாவின் ஆலிஸ் மன்றோ, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதினார். நாவலுக்கு நேரம் போதாததால் சிறுகதை எழுதினார். முதல் தொகுப்பு 1968-ல் வந்தபோது அவருக்கு வயது 37. 2013-ல் நோபல் பரிசு பெற்றார்.

மூவருக்கும் மன உறுதி இருந்தது, சரி. ஆனால் ஒருவருக்குத் தோழி, ஒருவருக்கு அம்மா. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். மன்றோவுக்கோ, பிள்ளைகளின் தூக்கம்தான் நேரம் கொடுத்தது. வீட்டில் எழுத நேரம் தானாகக் கிடைப்பதில்லை. யாராவது கொடுக்க வேண்டும். என் அம்மாவுக்குக் கொடுக்க யாரும் இல்லை.

ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை

முதலில் எனக்குத் தோன்றியது, வாய்ஸ் டைப்பிங். "போன்ல மைக்கை அழுத்திட்டு நீ பேசினா போதும்மா, அதுவே தமிழ்ல எழுதிடும்" என்றேன்.

"அடுப்புக்கிட்ட நின்னு சொன்னா, கதை வராதுடா. சமையல் குறிப்புதான் வரும்."

வேலை அப்படியே இருக்க, நடுவில் எழுதவும் சொல்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஞாயிறு வார விடுமுறை. அதனால் ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை சமையலறை என் பொறுப்பு, பாட்டியைப் பார்த்துக்கொள்வது தங்கை பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். 'பெருங்காயம் எங்க இருக்கு' என்று கேட்க அம்மாவின் அறைக் கதவைத் தட்டக் கூடாது என்பது விதி. காலைக் காபியையும் இப்போது நானே போட்டுக்கொள்கிறேன்.

முதல் ஞாயிறு, அம்மா அறைக்குள் போய்த் துணி மடித்துவிட்டு வந்தார். "பழக்கம்டா" என்றார். இரண்டாவது ஞாயிறு, பழைய நோட்டை மட்டும் படித்தார். அன்று என் சாம்பாரை அப்பா வாயில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் மோர் ஊற்றிக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு, ஒன்றரைப் பக்கம்!

எங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட மூன்று விஷயங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

* நீங்கள் எழுதுகிறவர் என்றால், 'நேரம் கிடைக்கும்போது' என்று விடாமல், கிழமையும் மணியும் சொல்லி வீட்டில் கேளுங்கள். அந்த நேரத்து வேலையை யார் செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

* நாளை என்ன எழுதப்போகிறோம் என்பது தெரிந்த இடத்திலேயே இன்று நிறுத்துங்கள். அடுத்த முறை உட்காரும்போது, யோசித்தே பாதி நேரம் போகாது.

* நீங்கள் எழுதாதவர் என்றால், உங்கள் வீட்டில் யாராவது எப்போதோ எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

என் கதையைக் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணை இரண்டு நாள் தவிக்க விட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

அம்மாவின் கதையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண், இப்போது ஒரு வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கிறாள். "அப்புறம் என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"அது அப்பவே யோசிச்சு வெச்சுட்டேன்" என்றார்.

நான் பிறப்பதற்கு முன்பே யோசித்த முடிவு. 26 வருடமாக மனதிலேயே வைத்திருக்கிறார்.

"என்னன்னு சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். எழுதினதும் படி. வர்ற ஞாயித்துக்கிழமை சாம்பார்ல உப்பைக் குறைச்சுப் போடு, போ."