இன்று நோயில்லை என்றால், என்றுமே கேடில்லையா?

பிள்ளையார்பட்டி வட்டாரத்தில் கண்மாய்க்கரைகளில் ஆடு மேய்க்கும் விவசாயத் தொழிலாளிக்கு ஒரு விஷயம் தெரியும். ஈரலில் புழு விழுந்த ஆடு உடனே படுத்துவிடாது. மந்தையோடு மேயும், மந்தையோடு திரும்பும். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும்போதுதான் சங்கதி வெளிப்படும். அதற்குள் ஈரல் கெட்டுப் போயிருக்கும்.

அணுக் கதிரும் ஈரலுக்கு இப்படித்தான் மறைவாகக் கேடு செய்கிறது. இதை உழைப்பாளி மக்கள் அறிந்துகொள்வது அவசியம்.

ஓயாமல் பிரிந்து பெருகும் செல்களைத்தான் கதிர் முதலில் தாக்கும். இதை 1906-ம் ஆண்டிலேயே பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கூறினார்கள். ஆகவே கதிர் பட்ட விலங்குக்கு எலும்பு மஜ்ஜையும் குடலும் சில நாட்களிலேயே அடிபடுகின்றன. ஈரல் செல்லோ அபூர்வமாகவே பிரியும். மிகக் கடுமையான கதிர் பட்டாலொழிய, ஆரம்பத்தில் ஈரல் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஈரல் கதிரைத் தாங்கும் உறுப்பு என்று விஞ்ஞானிகளே நெடுநாள் எண்ணியிருந்தார்கள்.

உண்மை என்ன? 1960-களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஹோவர்ட் கர்ட்டிஸ் குழுவினர் சுண்டெலிகளின் மீது கதிர் பாய்ச்சினார்கள். பிறகு ஒரு ரசாயனத்தால் ஈரலின் ஒரு பகுதியை அழித்தார்கள். ஈரலுக்கு மீண்டும் வளரும் சக்தி உண்டு. வளர்வதற்காகச் செல்கள் பிரியத் தொடங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது: உள்ளே குரோமோசோம்கள் முறிந்து கிடந்தன! கதிர் பட்டு மாதங்கள் கழிந்த பின்பும் அந்தச் சேதம் தென்பட்டது.

மனிதனுக்கும் சான்று இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. இதே உலோகத்தைக் கொண்டு செய்த ‘தோரோட்ராஸ்ட்’ என்ற மருந்தை, 1930-களிலிருந்து எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காகப் பல நாடுகளில் நோயாளிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அது ஈரலில் தங்கி, ஆயுள் முழுவதும் கதிர் வீசிற்று. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பலர் ஈரல் புற்றுநோயால் மாண்டார்கள். ஊசி போட்ட நாளில் அவர்களும் ‘நன்றாகத்தான்’ இருந்தார்கள்!

இப்போது கல்பாக்கத்தைப் பாருங்கள். 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள அணு எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதுபட்டது. கடும் கதிரியக்கக் கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டியில் புகுந்தது. இதை அறியாமல் மாதிரி எடுக்கச் சென்ற இடத்தில் ஆறு தொழிலாளர்கள் அனுமதித்த அளவை மிஞ்சிய கதிருக்கு ஆளானார்கள். அபாயத்தைச் சொல்ல அங்கே கருவி இல்லை. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று ஊழியர் சங்கம் அந்த மாதமே கேட்டது. நிர்வாகம் நாட்டுக்கு விவரம் சொல்ல ஆகஸ்டு மாதம் ஆயிற்று.

கதிர் பட்ட ஒவ்வொருவருக்கும் நோய் வரும் என்று நாம் சொல்லவில்லை. பீதி கிளப்புவது நமது வேலையல்ல. ஆனால் இன்று நோய் தெரியவில்லை என்பதைக் காட்டிக் கணக்கை மூடிவிட எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது. பஞ்சாலைத் தோழர்களே, இந்த நியாயம் உங்களுக்குப் புதிதா? பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்க ஆண்டுகள் பல ஆகின்றன. மூச்சு முட்டும்போது தொழிலாளி வேலையை விட்டு வீட்டில் கிடக்கிறான். ஆலையின் பதிவேட்டிலோ அவன் பெயர் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கதிர் உள்ள இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, எவ்வளவு கதிர் பட்டது என்ற கணக்கை அவர் கையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்ட பின்னும் ஆயுள் முழுவதும் இலவச வைத்தியப் பரிசோதனை வேண்டும். விபத்து நடந்தால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஈரல் வாய் திறந்து முறையிடாது. அதற்காகச் சங்கம்தான் வாய் திறக்க வேண்டும்.