சிற்றோடுகளும் கால சரித்திரமும்

பாறையடுக்குகளின் வயதை நிர்ணயிப்பதற்கும், பண்டைக் கடல்களின் வெப்பதட்பத்தை அறிவதற்கும் விஞ்ஞானிகள் கையாளும் சாதனங்களுள், கண்ணுக்குப் புலப்படுவதே அரிதான ஒரு ஜீவராசியின் ஓடு முதன்மையான ஸ்தானத்தை வகிக்கிறது என்பதைப் பொதுமக்களுள் அறிந்தவர் சிலரே. மிதவை ஃபொராமினிஃபெரா என்று வழங்கும் அந்த ஒற்றைச் செல் உயிர்கள், கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்ந்து, சுண்ணாம்புச் சத்தால் தமக்கென ஓடு கட்டிக்கொண்டு, ஆயுள் முடிந்ததும் அதனைக் கடலடியில் விட்டுச் செல்கின்றன. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அவ்வோடுகளை உருவ லக்ஷணங்களால் இனம் பிரித்துப் பெயரிடும் வித்தை, உயர்ந்த விவேகத்தை வேண்டும் ஒரு சாஸ்திரமாகும். யந்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அதற்கு இனித் தேவை இல்லை என்று எவரேனும் கருதுவாராயின், அக்கருத்து பிழையானது மட்டுமன்று, பெருநஷ்டத்தை விளைவிக்கக்கூடியதும் ஆகும்.

அவ்வித்தையின் முறை இது. களிமண்ணையோ மென்பாறையையோ நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி உலர்த்தியபின் எஞ்சும் துகள்களை ஒரு தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஈரமாக்கிய மெல்லிய தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டின் அறைகள் சங்கைப்போல் ஒருபுறம் உயர்ந்த சுருளாக அமைந்துள்ளனவா, ஒரே தளத்தில் சுருண்டுள்ளனவா, அல்லது இரு வரிசையாக மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளனவா என்பது முதற்கேள்வி. கடைசிச் சுற்றில் எத்தனை அறைகள் உள்ளன, அவை உருண்டையா தட்டையா, சுருள் வலமாகச் செல்கிறதா இடமாகச் செல்கிறதா, வாய் நடுக்குழியில் திறக்கிறதா அல்லது ஓரத்தை நோக்கி நீள்கிறதா, அவ்வாயைச் சுற்றி உதடு உண்டா, முதுகுப்புறத்தில் துணைவாய்கள் உண்டா, விளிம்பில் வரம்புபோன்ற முகடு ஓடுகிறதா என்று கேள்விகள் தொடர்கின்றன. இவை யாவற்றினும் நுட்பமான கடைசிக் கேள்வி சுவரைப் பற்றியது: அது வழவழப்பானதா, தேன்கூட்டைப்போல் குழிவிழுந்ததா, பருக்கள் நிறைந்ததா, உயிருடன் இருந்தபோது முட்களைத் தாங்கி நின்றதா? முட்கள் புதைவின்போது உதிர்ந்துபோனாலும், அவை ஊன்றியிருந்த அடையாளங்கள் நன்கு காக்கப்பட்ட சுவரில் நிலைத்திருக்கின்றன.

இந்த ஞானம் ஒருநாளில் விளைந்ததன்று. ஃபிரெஞ்சு நாட்டு அல்சீட் தொர்பின்யி, 1826-இல், அறைகள் அடுக்கப்பட்டுள்ள விதத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வோடுகளை முதன்முதலாக முறைப்படி வகுத்தபோது, இவற்றைக் கணவாய் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் என்றே எண்ணினார். இவை மிக எளிய ஒற்றைச் செல் உயிர்கள் என்பதை 1835-இல் ஃபெலிக்ஸ் துஜார்தேன் விளக்கினார். இவற்றுள் ஒரு பகுதி கடலடியில் வாழாமல் மேல்நீரில் மிதந்து வாழ்பவை என்பது, 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் கப்பலின் வலைகளில் அவை உயிருடன் சிக்கியதனால் ஐயமின்றி விளங்கிற்று. அம்மிதப்பே அவற்றின் பெருமைக்குக் காரணம். கடல் நீரோட்டங்கள் ஓர் இனத்தைக் குறுகிய காலத்தில் நெடுந்தூரம் பரப்பிவிடுவதால், தொலைதூரத்துப் பாறைகள் இரண்டில் அதே இனம் கிடைக்குமாயின், அவை ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று துணிய இயலுகிறது. துளைபோடும் கருவி பெரிய சிப்பிகளைத் தூளாக்கிவிட்டாலும் இச்சிற்றோடுகள் முழுமையாகத் தப்பி மேலே வருவதால், எண்ணெய் தேடுவோர் இவற்றைப் பெரிதும் நாடினர். 1957-இல் ஹான்ஸ் போலி என்பவர் டிரினிடாட் தீவின் பாறைகளை மிதவை ஃபொராமினிஃபெராவைக் கொண்டு கால மண்டலங்களாகப் பிரித்து வெளியிட்ட ஆராய்ச்சி, பிற்காலத்து ஆழ்கடல் துளைப்புகள் பலவற்றுக்கும் வழிகாட்டிற்று.

ஓர் ஓட்டின் பெயரே ஒரு பாறையின் தேதியாகிவிடும் என்பதற்கு இத்தாலியின் குப்பியோ நகரத்துச் சுண்ணாம்புப் பாறைகளினும் சிறந்த சான்று இல்லை. அங்கே கீழ் அடுக்குகளில் விளிம்பு முகடு படைத்த, உருவத்தில் பெரிய குளோபோட்ரங்கானா இனங்கள் மலிந்திருக்க, அவற்றுக்கு மேலே ஒரு மெல்லிய களிமண் படிவுக்கு அப்பால் அவை அடியோடு மறைந்து, மிகச் சிறிய எளிய ஓடுகள் மட்டுமே தோன்றுகின்றன. லூட்டர்பாக்கரும் இசபெல்லா பிரெமோலி சில்வாவும் 1964-இல் வெளியிட்ட அந்த நுட்பமான வேறுபாடு, பின்னர் வால்டர் ஆல்வரெஸின் கவனத்தை அக்களிமண்ணின்பால் ஈர்த்தது. அதில் இரிடியம் மிகுந்திருப்பதை 1980-இல் அறிவித்து, 6.6 கோடி ஆண்டுகளுக்குமுன் விண்கல் மோதியதனால் டைனோசர்களும் எண்ணற்ற உயிர்களும் அழிந்தன என்ற கொள்கையை அவரும் அவருடைய சகாக்களும் உலகத்தின் முன் வைத்தார்கள். நம் நாட்டிலும், ராஜமஹேந்திரவரத்தை அடுத்த எரிமலைப் பாறைகளின் இடையே உள்ள படிவுகளில் அப்பேரழிவுக்குச் சற்றே பிற்பட்ட மிதவை ஓடுகள் இருப்பதை இனம் கண்டு, தக்காண எரிமலைப் பெருக்கின் பிரதான கட்டம் அப்பேரழிவுக் காலத்தை ஒட்டி முடிந்தது என்ற முடிவைக் கெர்ட்டா கெல்லரும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்டார்கள். அழிவுக்குக் காரணம் விண்கல்லா எரிமலையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லையாயினும், அதன் ஒரு பக்கம் அந்தச் சிற்றோடுகளின் பெயர்கள்மீதே நிற்கிறது.

பெயர் இவ்வளவு பாரத்தைச் சுமக்கும்போது, பெயரிடுவோர் ஏமாறும் இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். விளிம்பு முகடு படைத்த தட்டையான ஓடு, அப்பேரழிவுக்கு முந்திய கிரெட்டேசியஸ் காலத்துக் குளோபோட்ரங்கானாவிலும், அது அழிந்தபின் தோன்றிய மொரோசொவெல்லாவிலும், அதுவும் மறைந்தபின் எழுந்து இன்றும் வாழும் குளோபோரொட்டாலியாவிலும் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியே உருவாயிற்று. வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு இவற்றை ஒரே குடும்பமென்று கொள்வோர், கோடிக்கணக்கான ஆண்டுகள் தவறிவிடுவார்கள். சுவரின் அமைப்பையும் வாயின் நிலையையும் ஆராய்ந்தவரே அப்பிழையினின்று தப்புவர். 1960-களில் பரவத் தொடங்கிய ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி சுவரின் நுட்பங்களைப் பிரத்தியக்ஷமாகக் காட்டியபின், பழைய வகுப்புகள் பல திருத்தப்பட்டன. துருவக் கடல்களில் மிகுந்து வாழும் நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா இடப்புறம் சுருள்வது. அதன் வலஞ்சுருள் வடிவம் வெறும் வெப்பநிலை வேறுபாட்டால் விளைந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மரபணு ஆராய்ச்சியோ இரண்டும் வெவ்வேறு இனங்களே என்று காட்டிற்று. சுருள் செல்லும் திசை என்ற சிறு லக்ஷணத்தையும் அலட்சியம் செய்யாமல் முந்தைய தலைமுறையினர் குறித்துவைத்திராவிடில், அப்புதிய ஆராய்ச்சிக்கு ஆதாரமே இருந்திராது.

நம் விவசாயியின் வாழ்வும் இவ்வித்தையோடு தொடர்புடையதே. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும்போது அரபிக்கடலின் மேற்கில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்புகிறது. அந்நீரில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்ற இனம் பெருகுகிறது. ஆகையால் ஓமான் கரையோரத்துக் கடலடி மண்ணில் அவ்வினத்தின் விகிதத்தை அடுக்குதோறும் கணக்கிட்டு, கடந்த பல்லாயிரம் ஆண்டுகளில் பருவக்காற்று எப்போது வலுத்தது, எப்போது தளர்ந்தது என்பதை அனில் குப்தாவும் அவருடைய சகாக்களும் 2003-இல் விவரித்தார்கள். அந்த இனத்தை அதனையொத்த பிறவற்றிலிருந்து பிரித்தறியாதவர் எண்ணும் எண்ணிக்கை, எவ்வளவு சிறந்த கணிதத்தில் இட்டாலும் பொய்யையே ஈனும்.

யந்திரமே இனி இனம் காணும் என்று கூறுவோருக்கும் விடை உண்டு. நிபுணர்கள் பலர் கூடிப் பெயரிட்ட 34,000-க்கும் மேற்பட்ட மிதவை ஓடுகளின் படங்களைக் கொண்டு கணினியைப் பயிற்றிய முயற்சி 2019-இல் வெளிவந்தது. அது போற்றத்தக்கதே. ஆனால் அந்த யந்திரத்துக்கு ஆசான் மனிதக் கண்ணே என்பதையும், அது கற்றவை நிகழ்காலக் கடலின் நல்ல ஓடுகள் என்பதையும் மறத்தலாகாது. உடைந்தும், தாதுப்பொருள் படிந்தும், பாதி கரைந்தும் கிடைக்கும் பழம்பாறை ஓடுகளில் வழக்கத்துக்கு மாறான ஒன்று தோன்றும்போது, அது புதிய இனமா, சிதைந்த பழைய இனமா என்று தீர்ப்பளிக்கத் தேர்ந்த அறிவு வேண்டும். நிபுணர்களிடையேயும் அபிப்பிராய பேதம் உண்டு என்பது மெய்யே. அதனைத் தீர்ப்பதற்காகவே ஒவ்வோர் இனத்துக்கும் மூல மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அதனோடு ஒப்பிட்டுக் காரணம் கூறி வாதிக்கலாம். காரணம் கூறக் கடமைப்பட்ட அபிப்பிராயமே சாஸ்திரம் எனப்படும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் அரியலூர்ப் பகுதியிலும் கிரெட்டேசியஸ் காலத்துக் கடற்படிவுகள் நிலத்தின் மேலேயே விரிந்து கிடக்கின்றன. மிதவை ஃபொராமினிஃபெரா பொதிந்த களிமண் மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளில் பாறைகளின் வயதை அறியவும் இவ்வோடுகளே உதவிவந்திருக்கின்றன. இத்தகைய செல்வம் வாய்த்த நாட்டில், ஓடுகளைப் பெயர் சொல்லி அறிவோர் இல்லாமற்போவது வெட்கத்துக்குரியது. ஆகையால் நம் பல்கலைக்கழகங்கள் நிலவியல் பாடத்தில் இவ்வித்தைக்கு நுண்ணோக்கியின்முன் அமர்ந்து கற்கும் நேரத்தைக் குறையாமல் ஒதுக்க வேண்டும். பெயரிட்ட ஓடுகளின் தொகுதிகளைப் பேராசிரியர் ஓய்வுபெற்றதும் சிதறிப்போகவிடாமல் பொதுச்சொத்தாகக் காக்க வேண்டும். இனங்களை வருணித்து எழுதும் ஆராய்ச்சியைப் பிற ஆராய்ச்சிகளுக்கு நிகராக மதித்துப் பதவியும் பொருளும் வழங்க வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. ஒரு தலைமுறை கற்பிக்காமல் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறை அதை மீட்பதற்குப் படவேண்டிய பிரயாசையோ மிகப் பெரிது.